தட்டிப் பார்த்த காலம், திறந்து பார்க்கும் காலம்

கழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஃபுளோரிடாவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கராஜ் சேல். இறந்துபோன அப்பாவின் சாமான்களை மகள் புல்தரையில் பரப்பி வைத்திருந்தார். தூண்டில்கள், ஒரு தையல் மெஷின், தட்டுமுட்டுச் சாமான்கள், நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்கூபா டாங்க். விலை 20 டாலர். குனிந்து, கழுத்தில் படிந்திருந்த அழுக்கைக் கட்டைவிரலால் தேய்த்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஐசிசி. 3ஏஏ. 2250. அடுத்து ஒரு வரிசை எண். அதற்கும் கீழே 6-62, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி.

படிக்கத் தெரிந்தவருக்கு அது டாங்கின் ஜாதகம். ஐசிசி என்பது அமெரிக்காவில் அந்தக் காலத்தில் சிலிண்டர்களுக்கு விதி வகுத்த இன்டர்ஸ்டேட் காமர்ஸ் கமிஷன். பிற்பாடு அந்தப் பொறுப்பு போக்குவரத்துத் துறைக்குப் போனது; அதன் பிறகு வந்த டாங்குகளில் டிஓடி என்று இருக்கும். 3ஏஏ என்றால் குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த எஃகு. 2250 என்பது நிரப்ப வேண்டிய அழுத்தம், பிஎஸ்ஐ கணக்கில். 6-62 என்றால் 1962 ஜூனில் முதல் சோதனை. கூட்டல் குறி இருந்தால் பத்து சதவீதம் கூடுதலாக, அதாவது 2475 வரை நிரப்பலாம். அதற்குக் கீழே இன்னும் சில தேதிகள். கடைசித் தேதி 1984.

நாற்பது வருடமாக யாரும் சோதிக்காத டாங்க். பணத்தைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வயதைப் பார்த்து ஒதுக்க வேண்டியதில்லை. இந்த வகை எஃகு டாங்குக்கு அமெரிக்கச் சட்டம் ஆயுள் வரம்பு எதுவும் வைக்கவில்லை. சோதனையில் தேறும்வரை அதற்கு வாழ்வு உண்டு. 1950களிலும் 60களிலும் செய்த டாங்குகளை முதுகில் கட்டிக்கொண்டு இன்றும் ஆட்கள் கடலில் இறங்குகிறார்கள். டைவர்கள் இதைச் 'செவன்டி டூ' என்பார்கள். 72 கன அடி என்பது பேச்சு வழக்கு. உண்மையில் 71.2 கன அடி, அதுவும் அந்தக் கூட்டல் குறி அளவுக்கு நிரப்பினால்தான்.

அந்த டாங்க் பிறந்த காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1943-ல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் அக்வாலங் என்ற நீரடி மூச்சுக் கருவியை உருவாக்கினார்கள். போர் முடிந்ததும் அது அமெரிக்கக் கரைக்கு வந்தது. ஆரம்பத்தில் டாங்க் கிடைப்பதே குதிரைக்கொம்பு. போரில் மிஞ்சிய விமான ஆக்சிஜன் சிலிண்டர்களையும் தீயணைப்பான் சிலிண்டர்களையும் வாங்கி, வால்வை மாற்றி, கையாலேயே பட்டை கட்டி முதுகில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. 1958-ல் 'சீ ஹன்ட்' தொலைக்காட்சித் தொடர் வந்தது. லாயிட் பிரிட்ஜஸ் முதுகில் டாங்கோடு கடலுக்குள் பாய்வதைப் பார்த்து ஒரு தலைமுறையே இறங்கியது. ஆள் பெருகினால் பழைய டாங்க் கைமாறுவதும் பெருகும்.

அன்றைக்குப் பழைய டாங்க் வாங்கிய விதம் நம் ஊர்ச் சந்தையில் பானை வாங்குவதைப் போலத்தான். அம்மா பானையைக் காதருகே தூக்கி விரலால் சுண்டுவாள். கணீர் என்றால் காசு கொடுப்பாள், பொத்தென்றால் கீழே வைத்துவிடுவாள். டாங்கையும் அப்படியே தூக்கிப் பார்த்தார்கள், பெயின்ட்டைப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். வால்வைத் திறந்தால் காற்று சீறும். சீறினால் டாங்க் நல்ல டாங்க். மிச்சமெல்லாம் விற்பவர் வாய்ச்சொல். "இரண்டே தடவைதான் இறங்கினேன்" என்று அவர் சொன்னால் அதையே நற்சான்றாக எடுத்துக்கொண்டார்கள்.

தட்டிப் பார்த்ததை நான் குறை சொல்லவில்லை. அனுபவமுள்ள சோதனையாளர்கள் இன்றும் எஃகு டாங்கைத் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். நல்ல டாங்க் கோயில் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். உள்ளே துரு கனமாகப் படிந்திருந்தால் ஒலி சட்டென்று அடங்கிவிடும். ஆனால் அந்த ஒலியோடு சோதனை முடிந்துவிடுவதில்லை. வால்வைக் கழற்றி உள்ளே பார்த்தாக வேண்டும். அன்றைக்கு யாரும் கழற்றவில்லை.

கழற்றியிருந்தால் எத்தனையோ பேருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஈரமான கம்ப்ரஸரில் நிரப்பினாலோ, காற்றை முழுக்கத் தீர்த்துவிட்டு வால்வைத் திறந்தபடி படகில் போட்டாலோ, டாங்குக்குள் தண்ணீர் போகும். உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். வெளியே பளபளப்பு, உள்ளே புற்று. துரு பிடித்தால் சுவர் மெலிந்து பலம் குறையும் என்பது எல்லோருக்கும் தோன்றும். அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. துருப்பிடிப்பது என்றால் இரும்பு ஆக்சிஜனைத் தின்பது. ஈரத்தோடு மூடிய டாங்குக்குள் வெளியிலிருந்து வேறு காற்று வர வழியில்லை. அது மாதக்கணக்கில் மூலையில் கிடந்தால், உள்ளே இருக்கும் காற்றின் 21 சதவீத ஆக்சிஜனையே துரு தின்று குறைத்துவிடும். அழுத்தம் மீட்டரில் நிறையக் காட்டும். வாசனை இருக்காது. மூச்சுத் திணறல்கூடத் தெரியாது, ஏனென்றால் திணறலை உண்டாக்குவது உடலில் கூடும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் குறைவை உடல் அப்படி அறிவிப்பதில்லை. டைவர் தண்ணீருக்கு அடியில் சத்தமில்லாமல் நினைவிழப்பார். எப்போது நிரப்பியது என்று தெரியாத பழைய டாங்கில் ஒரு மூச்சுகூட இழுக்கக் கூடாது என்று நான் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

துருவைத் தடுக்க அந்தக் காலத்தில் ஒரு வழி கண்டார்கள். டாங்கின் உள்சுவரில் பிளாஸ்டிக் பூச்சு. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பூச்சில் ஒரு பொடி ஓட்டை விழுந்தாலும் ஈரம் அதன் அடியில் புகுந்துகொள்ளும். பூச்சு மேலே அப்படியே இருக்க, அடியில் எஃகு அரிக்கும். உள்ளே விளக்கு விட்டுப் பார்த்தாலும் தெரியாது. காக்க வந்த பூச்சே கண்ணை மறைக்கும் திரையானது. இன்று அப்படிப்பட்ட டாங்க் கிடைத்தால் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுக்காமல் எந்த முடிவுக்கும் வர முடியாது.

1970களின் தொடக்கத்தில் அலுமினியம் வந்தது. துருப்பிடிக்காத டாங்க் என்று எல்லோருக்கும் சந்தோஷம். 'எய்ட்டி' என்று அழைக்கப்படும் டாங்க் உலகம் முழுக்கப் பரவியது. 3000 பிஎஸ்ஐ அழுத்தம், 77.4 கன அடி காற்று. கார் டயரில் இருப்பதைப் போல் சுமார் 90 மடங்கு அழுத்தம் அதற்குள் அடைந்திருக்கிறது. பழைய டாங்க் கதையில் பெரிய திருப்பமும் இந்த எய்ட்டியால்தான் வந்தது.

அன்று லக்ஸ்ஃபர் போன்ற நிறுவனங்கள் பயன்படுத்திய அலுமினியக் கலவையின் எண் 6351. அதில் செய்த டாங்குகள் சிலவற்றில், வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கித் தாங்கி, கழுத்துத் திருகுப் பகுதியில் மயிரிழை விரிசல் விழுந்து மெல்ல மெல்ல நீண்டது. லட்சக்கணக்கில் செய்ததில் மிகச் சிலதான் வெடித்தன. ஆனால் வெடித்தவை பெரும்பாலும் காற்று நிரப்பும்போது வெடித்தன. பக்கத்தில் நின்று நிரப்பியவர் படுகாயப்பட்டார். வாங்கியவரோ விற்றவரோ அங்கே இல்லை; யாருடைய டாங்க் என்றுகூடத் தெரியாத ஒரு கடை ஊழியர் அடிபட்டார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறுவதில்லை.

லக்ஸ்ஃபர் அமெரிக்காவில் 1988-ல் 6061 என்ற கலவைக்கு மாறியது. கேட்டலினா நிறுவனம் தொடக்கத்திலிருந்தே 6061-தான். ஆகவே பழைய அலுமினிய டாங்கைக் கையில் எடுத்தால் முதலில் தயாரிப்பாளர் பெயர், அடுத்து முதல் சோதனைத் தேதி. லக்ஸ்ஃபர் என்றிருந்து 1988 நடுப்பகுதிக்கு முந்தியது என்றால் அது 6351 என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 2007 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் அத்தகைய ஸ்கூபா டாங்குகளுக்கு ஐந்து வருடச் சோதனையின்போது எடி கரண்ட் சோதனையும் கட்டாயம். கம்பிச் சுருள் பொதிந்த ஒரு குச்சியைக் கழுத்துத் திருகுக்குள் மெதுவாகச் சுழற்றி இறக்குவார்கள். உலோகத்தில் மின்னோட்டம் தடைப்படும் இடம் விரிசலைக் காட்டிக்கொடுக்கும். தேறினால் கழுத்தில் 'விஇ' என்று குத்துவார்கள். தேறினாலும் இந்த டாங்குக்குக் காற்று நிரப்ப மறுக்கும் கடைகள் நிறைய. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் கருத்தைக் கேட்டால், இலவசமாகக் கொடுத்தாலும் 6351 வேண்டாம்.

இப்போது 'ஹைட்ரோ' என்று எல்லோரும் சொல்லும் அந்த ஐந்து வருடச் சோதனை. கேட்டதோடு நின்றுவிடாமல் ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டியது. டாங்கில் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் நிறைந்த இன்னொரு பெரிய கலத்துக்குள் இறக்கி மூடுவார்கள். உள்ளே அழுத்தத்தை ஏற்றுவார்கள். சாதாரண அழுத்தத்தில் மூன்றில் ஐந்து பங்கு. 3000 டாங்குக்கு 5000. எஃகோ அலுமினியமோ, இவ்வளவு அழுத்தத்தில் டாங்க் பலூன் மாதிரி ஒரு துளி உப்பும். அது உப்பிய அளவுக்கு வெளிக்கலத்துத் தண்ணீர் கண்ணாடிக் குழாயில் ஏறும். குறைந்தது 30 விநாடி. பிறகு அழுத்தத்தை இறக்குவார்கள். குழாயில் தண்ணீரும் இறங்கும். நல்ல டாங்க் ஏறக்குறைய பழைய உருவத்துக்கே திரும்பிவிடும். உப்பியதில் பத்து சதவீதத்துக்கு மேல் திரும்பாமல் நின்றுவிட்டால் அந்த டாங்கின் கதை முடிந்தது. காற்றுக்குப் பதில் தண்ணீர் ஏன் என்று கேட்பார்கள். தண்ணீர் சுருங்காது; டாங்க் உடைந்தாலும் சிதறாது.

ஹைட்ரோ சட்டப்படி கட்டாயம். வருடாந்தர உட்சோதனை அமெரிக்காவில் சட்டம் அல்ல, டைவிங் தொழில் தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஒழுங்கு. பேச்சில் 'விஐபி' என்பார்கள். பில் ஹை என்ற கடல் உயிரியலாளர் 1980களில் ஸ்கூபா சோதனையாளர்களுக்கென்று பயிற்சி முறையைத் தொடங்கியபின், ஏதோ ஒரு டார்ச்சை விட்டுப் பார்ப்பது என்றிருந்தது படித்துத் தேற வேண்டிய வேலையாக மாறியது. இன்று விஐபி ஸ்டிக்கர் இல்லாத டாங்குக்கு எந்த நல்ல கடையிலும் காற்று கிடைக்காது.

கண்ணுக்குத் தெரிவதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் தம்பி ஒருவன் டாங்கோடு வந்தான். தூத்துக்குடிக்காரன், இங்கே கணினி வேலை. இணையத்தில் பார்த்து வாங்கிய எய்ட்டி. நல்ல மஞ்சள் பெயின்ட், கண்ணைப் பறித்தது.

"அண்ணே, பாத்தா புதுசு மாதிரியே இருக்குல்ல?"

"அதான்டா பயமா இருக்கு. பெயின்ட் யார் அடிச்சா?"

விற்றவரை அங்கேயே போனில் பிடித்தான். பவுடர் கோட்டிங், அடுப்பில் வைத்துச் சுட்டது என்று அவர் பெருமையாகச் சொன்னார். எத்தனை டிகிரி என்று கேட்டதற்கு அவரிடம் பதிலில்லை. அலுமினிய டாங்கின் பலம் அதைப் பக்குவமாகச் சூடாக்கி ஆறவைத்ததில் இருக்கிறது. ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸுக்கு மேல் மறுபடி சூடுபட்டால் அந்தப் பக்குவம் போய்விடும். உலோகம் பார்க்க அதே உலோகம், பலம் மட்டும் இல்லை. டாங்கைத் தனியே வைத்து, வால்வை மெதுவாகத் திறந்து காற்றை முழுக்க விட்டோம். வெப்பம் தெரியாத டாங்கைத் தேற்ற எந்தச் சோதனையாளரும் கையெழுத்துப் போட மாட்டார். கழுத்துத் திருகை அறுத்துப் பழைய உலோகத்துக்குப் போட்டான். பெயின்ட் பழசாகி உரிந்த டாங்க் தன் காயங்களை மறைக்காது. புதுப் பெயின்ட் அடித்த பழைய டாங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதேபோல் அடியில் மாட்டும் ரப்பர் பூட். அதைக் கழற்றாமல் வாங்கக் கூடாது. உப்பும் மணலும் அதற்குள்தான் குடியிருக்கும். எஃகு டாங்கானால் அடியைச் சுற்றி வளையம் போட்டதுபோல் துரு.

வால்வு விஷயத்திலும் காலம் மாறிவிட்டது. அன்றைய டாங்கில் 'ஜே வால்வு'. காற்று தீரும் தறுவாயில் மூச்சு இறுகும். டைவர் முதுகுப் பக்கம் கம்பியை இழுத்தால் கடைசி 300 பிஎஸ்ஐ அளவு காற்று திறந்துகொள்ளும். அழுத்த மீட்டர் கைக்கு வந்ததும் அதன் தேவை போய்விட்டது. இன்று கராஜ் சேலில் அந்த வால்வைப் பார்த்தால் எனக்கு ஆசை வரும், ஆனால் தண்ணீருக்குள் அதை நம்ப மாட்டேன். வெளிநாட்டு டாங்க் என்றால் வேறொரு கண்ணி. 25 மில்லிமீட்டர் மெட்ரிக் திருகு கொண்ட வால்வு, முக்கால் அங்குலத் திருகு கொண்ட கழுத்தில் தளர்வாக ஏறிவிடும். கையால் முடுக்கினால் பிடித்தது போலவே இருக்கும். நிரப்பும்போது துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். திருகு அளவைக் கழுத்திலும் வால்விலும் படித்து ஒப்பிடாமல் எதையும் மாட்டக் கூடாது.

எங்கள் மாநிலத்தின் வடக்கே நன்னீர்க் குகைகள் இருக்கின்றன. குகை டைவர்களுக்குக் காற்று அதிகம் வேண்டும். 2640 வரைதான் நிரப்ப வேண்டிய பெரிய எஃகு டாங்கில் 3600 வரை ஏற்றும் பழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. அந்தப் பக்கத்து டாங்க் விற்பனைக்கு வந்தால் விலை மட்டும் பேசாமல் எப்படி நிரப்பினீர்கள் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் நேர்மையாகவே சொல்வார்கள்.

நிறைய உழைத்த டாங்கை மக்கள் ஒதுக்குகிறார்கள், உழைக்காததைத் தேடுகிறார்கள். எனக்கு அனுபவம் நேர்மாறு. டைவ் கடைகள் வாடகைக்கு விட்ட டாங்குகளைச் சில வருடத்துக்கு ஒருமுறை விற்றுவிடும். உடம்பெல்லாம் கீறல். ஆனால் வருடா வருடம் திறந்து பார்த்திருப்பார்கள், உலர்ந்த காற்று நிரப்பியிருப்பார்கள், ஹைட்ரோ தவறியிருக்காது. இரண்டே தடவை இறங்கி இருபது வருடம் கராஜில் கிடந்த டாங்க்தான் உள்ளே என்ன வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. கணக்கும் பாருங்கள். புதிய எய்ட்டி 250 டாலர் சுற்றுவட்டத்தில் கிடைக்கிறது. பழையதற்குக் கொடுத்த விலையோடு ஹைட்ரோ, விஐபி, வால்வைப் பிரித்துப் புது ஓ-ரிங் போடும் செலவு எல்லாம் சேர்ந்தால் பல நேரம் மிச்சம் சொற்பம்.

அன்றைக்கு டாங்கையாவது கையில் தூக்கிப் பார்த்தார்கள். இன்றைக்குப் போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்புகிறார்கள். அப்படி வாங்குவதானால் கழுத்தின் போட்டோ நான்கு பக்கமும் வேண்டும் என்று கேளுங்கள். ஹைட்ரோவில் தேறாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இதையெல்லாம் தமிழில் எழுதக் காரணம் உண்டு. மன்னார், யாழ்ப்பாணம் பக்கம் கடலட்டையும் சங்கும் எடுப்பவர்கள் முதுகில் டாங்க் கட்டித்தான் இறங்குகிறார்கள். இங்கே எனக்கு இது வாரக்கடைசி ஆசை, அவர்களுக்கு அடுப்பு எரிவதே அதில். ஒரு நாளில் நான் ஒரு வாரத்தில் இறங்குவதைவிட அதிகமாக அவர்கள் இறங்குவார்கள். டாங்கின் கழுத்தைப் படிக்கும் பாடம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அது அவர்களிடம் போய்ச் சேராது. அந்தக் கரையில் உறவு உள்ளவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அவர்கள் டாங்கின் கழுத்திலுள்ள கடைசித் தேதியைப் போனில் கேளுங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் சோதிக்கச் சொல்லுங்கள்.

என் செவன்டி டூவை மிச்சக் காற்றை விட்டுத் திறந்தோம். விளக்கை இறக்கியதும் செம்மண் தூள் மாதிரி துரு, நல்லவேளையாக மேலோட்டம்தான், குழி இல்லை. பீங்கான் கற்களை உள்ளே போட்டு மணிக்கணக்கில் உருட்டினார்கள். சாம்பல் நிற எஃகு வெளியே வந்தது. பிறகு ஹைட்ரோ. 3750 வரை ஏற்றினார்கள், தேறியது. ஆனால் கூட்டல் குறிக்கு வேண்டிய அளவில் நிற்கவில்லை. 84-க்குப் பக்கத்தில் புதுத் தேதியைக் குத்தினார்கள், கூட்டல் குறி போடவில்லை. இனி அதில் 2250-தான், 65 கன அடிக்குச் சற்றுக் குறைவான காற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன்.